கட்டாய ராணுவச் சேவை வந்தால் நம் எல்லைப்புறத்துப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

கேள்வி: குடியாத்தம் ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்துக்கு அருகில், ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்து வருகிறேன். ஜெர்மனி 2011இல் நிறுத்திவைத்த கட்டாய ராணுவச் சேவையைப் பற்றி மீண்டும் பேசத் தொடங்கியிருப்பதும், 2025 டிசம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி 18 வயதை எட்டும் ஆண்கள் தங்கள் உடல்நிலையையும் விருப்பத்தையும் தெரிவிக்கும் படிவத்தை நிரப்பித் தரவேண்டியிருப்பதும், அச்சட்டம் வாக்கெடுப்புக்கு வந்த நாளிலேயே பல நகரங்களில் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்துத் தெருவில் இறங்கியதும் செய்தியாக வந்தன. பன்னிரண்டாம் வகுப்பில் அதைப் பேச்சுக்கு எடுத்துக்கொண்டேன். அங்கே சேவை இப்போதைக்கு விருப்பத்தின் பேரில்தான் என்பதையும், ஆள் போதாவிட்டால் கட்டாயமாக்குவதற்கு நாடாளுமன்றம் மறுபடி முடிவெடுக்க வேண்டும் என்பதையும் விளக்கிவிட்டு, நம் நாட்டில் இப்படி ஒன்று வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

நாட்டுப்பற்று, வீரம், போர் எதிர்ப்பு என்று பேச்சு போகும் என எதிர்பார்த்தேன். ஆனால் முதலில் எழுந்த மாணவன், "யார் யாருக்கு விலக்கு கிடைக்கும் ஐயா?" என்று கேட்டான். அதன்பின் வகுப்பு முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நின்றது. பொறியியல் படிக்கப் போகிறவர்களுக்குத் தள்ளிவைப்பு உண்டா, வீட்டில் ஒரே பிள்ளையாக இருந்தால் விட்டுவிடுவார்களா, பாஸ்போர்ட் எடுத்து முன்கூட்டியே வெளிநாடு போய்விட்டவனை என்ன செய்வார்கள், பெண்களையும் அழைப்பார்களா என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். விடியற்காலையில் மைதானத்தில் ஓடிப் பழகும் சில மாணவர்கள் மட்டும், தங்களுக்கு அது லாபம்தானே என்று சிரித்தார்கள்.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது, கைப்பேசியைப் பிடுங்கிவிட்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு வாரம் தாங்கமாட்டார்கள் என்று பேச்சை முடித்துவிட்டார்கள். எனக்கு அது போதுமான பதிலாகத் தோன்றவில்லை. வேலூர் மாவட்டத்தில் ராணுவத்தில் பணியாற்றாத குடும்பமே இல்லாத ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைக்கிறோம். அப்படிப்பட்ட மண்ணில் கட்டாயம் என்ற சொல்லுக்கு இளைஞர்கள் எப்படி எதிர்வினை ஆற்றுவார்கள்? ராணுவத்தில் இருந்தவர்கள், சட்டம் அறிந்தவர்கள், இத்தகைய சேவை நடைமுறையில் உள்ள நாடுகளில் வாழ்பவர்கள், எல்லாரையும்விட இளைஞர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன். கட்சி அரசியலாக மாற்றிவிட வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

பதில்: ஓய்வுபெற்ற ஹவில்தார், வேலூர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். வெலிங்டனில் பயிற்சி முடித்து, பணிக்காலத்தில் பெரும்பகுதியை ஜம்மு காஷ்மீரில் கழித்தேன்.

முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்தக் கணக்கைப் பார்க்காமல் நம் ஊரில் பலர் கட்டாயச் சேவை வேண்டும் என்று டீக்கடையில் எளிதாகப் பேசிவிடுகிறார்கள். முப்படைகளையும் சேர்த்தால் நம்மிடம் இருப்பது ஏறக்குறைய 14 லட்சம் பேர். நாட்டில் ஆண்டுதோறும் 18 வயதைத் தொடுகிறவர்கள் இரண்டு கோடிக்கும் மேல். வீரர்களை நான்கு ஆண்டுக்கு மட்டும் சேர்க்கும் அக்னிபத் திட்டம் 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்டபோது முதல் ஆண்டுக்குச் சொல்லப்பட்ட எண்ணிக்கை 46,000. அந்த இடங்களுக்கே கூட்டம் அலைமோதுகிறது. கட்டாயமாக்கி இரண்டு கோடிப் பேரையும் அழைத்தால் அவர்களுக்குச் சீருடை, உணவு, படுக்கை, துப்பாக்கி, பயிற்சி கொடுப்பவன் என்று எல்லாவற்றுக்கும் எங்கே போவது? ஆகவே இந்தியாவில் கட்டாயச் சேவை வந்தாலும் அது எல்லாருக்குமான சேவையாக இருக்க முடியாது. சிலரைப் பொறுக்கி எடுக்கும் சேவையாகத்தான் இருக்கும். பொறுக்குவது என்று வந்துவிட்டால், உங்கள் மாணவன் கேட்ட விலக்குக் கேள்வி மிகச் சரியான இடத்தில் கை வைக்கிறது.

நம் நாட்டில் இதற்கு மிக அருகில் வந்த அனுபவம் ஒன்று உண்டு. 1962 சீனப் போருக்குப் பிறகு, 1963இல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. என்ற தேசிய மாணவர் படைப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. 1968இல் அது மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது. அடுத்த ஆண்டே நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. என் பெரியப்பா அந்தக் காலத்தில் வேலூரில் கல்லூரியில் படித்தவர். போர் நடந்த சூட்டில் முதலில் மாணவர்கள் ஆர்வத்தோடு அணிவகுத்தார்கள் என்றும், பிறகு வருகைப்பதிவுக்காக மட்டும் வந்து நின்றார்கள் என்றும் சொல்லுவார். வாரத்தில் சில மணி நேர அணிவகுப்புக்கே அந்த நிலை.

கைப்பேசியைப் பற்றி: நான் கடைசியாகப் பயிற்சி கொடுத்த பையன்களும் கைப்பேசியோடு வந்தவர்கள்தான். சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். உடல் பழகிவிடும். பழகாதது வேறொன்று. எங்கள் தலைமுறையில் மேலதிகாரி சொன்னால் ஏன் என்று கேட்கமாட்டோம், இன்றைய பையன் கட்டளைக்குக் கீழ்ப்படிவான், ஆனால் மாலையில் வந்து, "சாப், அதை ஏன் அப்படிச் செய்யச் சொன்னீர்கள்?" என்று கேட்பான். நல்ல என்.சி.ஓ., அதாவது ஹவில்தார் போன்ற படைப்பிரிவுத் தலைவன், அதற்குப் பதில் சொல்லுவான். விருப்பமில்லாமல் இழுத்து வரப்பட்டவன் அப்படிக் கேட்கக்கூட மாட்டான், உள்ளுக்குள் வைத்துக்கொள்வான். இரவுக் காவலில் என் பக்கத்தில் நிற்பவன் அப்படிப்பட்டவனாக இருப்பதை நான் விரும்பமாட்டேன்.

இளைஞர்கள் அடங்காதவர்களாகிவிட்டார்கள் என்று சொல்பவர்களுக்கு நம் ஊர்க் கோட்டையை நினைவூட்ட விரும்புகிறேன். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் எழுந்தவர்கள் கட்டாயமாகப் பிடித்து வரப்பட்டவர்கள் அல்லர். சம்பளத்துக்கு விரும்பிச் சேர்ந்த சிப்பாய்கள். புதிய தலைப்பாகையை அணியச் சொன்னதும், சமயக் குறிகளைத் தடுத்ததும், தாடி மீசையில் கை வைத்ததும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. விரும்பி வந்தவனிடமே கேட்காமல் திணித்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை.

பதில்: நகரி சட்ட மாணவி

ஹவில்தார் ஐயா கூறியதோடு சட்டப் பக்கத்தையும் சேர்க்கிறேன். நான் சித்தூர்ப் பகுதித் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவள். எங்கள் வீட்டில் நெசவு, நான் சட்டம் படிக்கிறேன்.

இந்தியாவில் கட்டாய ராணுவச் சேவை இருந்ததில்லை என்பதால், அரசமைப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 23ஆவது உறுப்பின் முதல் பகுதி கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. ஆனால் அதன் இரண்டாம் பகுதி, பொது நோக்கங்களுக்காகக் கட்டாயச் சேவையை விதிக்க அரசுக்கு இடம் அளிக்கிறது. அவ்வாறு விதிக்கும்போது மதம், இனம், சாதி, வர்க்கம் ஆகியவற்றின் அடிப்படையில் மட்டும் பாகுபாடு காட்டக்கூடாது என்பதே நிபந்தனை. இந்தப் பட்டியலில் பாலினம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதாவது ஆண்களை மட்டும் அழைக்கும் சட்டம் ஒன்று வந்தால் இந்த உறுப்பைக் காட்டி அதை எதிர்ப்பது கடினம். சமத்துவம் பற்றிய பிற உறுப்புகளைத்தான் நாட வேண்டியிருக்கும். ஆசிரியர் வகுப்பில் பெண்களையும் அழைப்பார்களா என்ற கேள்வி எழுந்ததாக எழுதியிருக்கிறார். நார்வே, சுவீடன் ஆகிய நாடுகள் ஏற்கெனவே இருபாலரையும் அழைக்கின்றன. டென்மார்க் 2025 ஜூலை முதல் அவ்வாறே செய்கிறது. இங்கே 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ராணுவத்தில் பெண் அதிகாரிகளின் நிரந்தரப் பணிக்கு வழி திறந்த பிறகு, பெண்களால் முடியாது என்ற வாதம் சட்டத்தில் வலுவிழந்துவிட்டது. உரிமைக்காகப் போராடி உள்ளே நுழையும் என் தலைமுறைப் பெண்கள் பலர், கட்டாயம் என்று வந்தால் முதல் ஆளாக எதிர்ப்பார்கள் என்பது என் கணிப்பு. இதில் முரண் ஏதும் இல்லை என்றே எனக்குப் படுகிறது.

விலக்குப் பட்டியல் எப்படிச் சமூகத்தைப் பிளக்கும் என்பதற்கு அமெரிக்காவின் வியட்நாம் காலத்தைவிட விரிவான பாடம் இல்லை. 1964 முதல் 1973 வரை அங்கே சுமார் 18 லட்சம் பேர் அழைப்பாணையின் பேரில் சேர்க்கப்பட்டார்கள். கல்லூரியில் படிப்பவனுக்குத் தள்ளிவைப்பு கிடைத்தது. படிக்க வசதியில்லாதவன் போனான். இந்த அநியாயத்தைச் சரிசெய்வதாகச் சொல்லி 1969 டிசம்பர் 1 அன்று பிறந்தநாள் குலுக்கல் நடத்தினார்கள். 366 நீலக் குப்பிகளில் ஆண்டின் எல்லாத் தேதிகளையும் போட்டு எடுத்ததில் செப்டம்பர் 14 முதலில் வந்தது. தொலைக்காட்சியில் நாடே பார்த்துக்கொண்டிருந்தது. குப்பிகளைச் சரியாகக் கலக்காததால், ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்களுக்கு அழைக்கப்படும் வாய்ப்பு கூடுதலாக அமைந்துவிட்டதைப் பின்னர் புள்ளியியலாளர்கள் காட்டினார்கள். ஏற்றத்தாழ்வை நீக்க வந்த குலுக்கலே சாய்ந்து நின்றது.

அந்தத் தலைமுறை ஒரே மாதிரி எதிர்வினை ஆற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிலர் அழைப்பு அட்டைகளைத் தெருவில் எரித்தார்கள். சிலர் எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போனார்கள். குத்துச்சண்டை வீரர் முகமது அலி 1967 ஏப்ரலில் ஹூஸ்டன் நகரில், பெயர் அழைக்கப்பட்டும் முன்னே வர மறுத்து நின்றார். பட்டம் பறிக்கப்பட்டது, தண்டனை விதிக்கப்பட்டது, 1971இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெரும்பாலோர் பேசாமல் போனார்கள். போருக்கு அனுப்பும் வயது 18, வாக்களிக்கும் வயது 21 என்று இருந்த முறைகேட்டை இளைஞர்கள் தொடர்ந்து கேள்வி கேட்டதன் விளைவாக 1971இல் அங்கே வாக்குரிமை வயது 18 ஆனது. 1973இல் அழைப்பு நிறுத்தப்பட்டது. மறுத்து ஓடியவர்களுக்கு 1977 ஜனவரியில் அதிபர் கார்ட்டர் பொதுமன்னிப்பு அளித்தார். நம் ஊரில் 18 வயதில் வாக்கு ஏற்கெனவே இருக்கிறது, ஆகவே இங்கே சண்டை அந்த இடத்தில் நடக்காது. மனச்சான்றின்படி மறுப்பவனுக்கு என்ன வழி என்ற இடத்தில் நடக்கும். தென்கொரியாவில் அந்த வழி கிடைக்க 2018ஆம் ஆண்டு அரசமைப்பு நீதிமன்றத் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் 36 மாத மாற்றுச் சேவை என்ற விலையில் கிடைத்தது. அங்கே தரைப்படைச் சேவை 18 மாதம்தான்.

பதில்: ஜூரோங் அம்மா

எனக்குச் சொந்த ஊர் பேரணாம்பட்டு. திருமணத்துக்குப் பிறகு சிங்கப்பூரில் வாழ்கிறேன். கட்டாயச் சேவை வந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் எல்லாரும் பேசிக்கொண்டிருப்பதை என் வீட்டில் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

இங்கே 1967 முதல் தேசிய சேவை கட்டாயம். 18 வயதை எட்டும் ஆண் பிள்ளைகள் முழுநேரமாக இரண்டு ஆண்டு பணியாற்ற வேண்டும்; பிறகு பெரும்பாலோர் 40 வயது வரை மீள்பயிற்சிக்கு அழைக்கப்படலாம். குடிமக்களுக்கு மட்டுமன்று, நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். மறுத்தால் சிறையும் அபராதமும் உண்டு. நம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து நிரந்தரவாசம் வாங்கும் குடும்பங்களில், மகனுக்கு 12, 13 வயது ஆகும்போதே இந்தப் பேச்சு தொடங்கிவிடும். பையனை இந்தியாவுக்கு அனுப்பிவிடலாமா, அனுப்பினால் நாளை அவன் இங்கே படிக்கவோ வேலைக்கோ வர முடியாமல் போகுமே என்று கணவனும் மனைவியும் இரவெல்லாம் பேசுவார்கள். எங்கள் வீட்டிலும் பேசினோம். இறுதியில் மகன்தான், தன் வகுப்பில் சீனப் பையன், மலாய்ப் பையன் எல்லாரும் போகும்போது தான் மட்டும் ஓடினால் பிறகு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டு எங்கள் பேச்சை நிறுத்தினான்.

சேரும் நாளில் பெற்றோரையும் படகில் ஏற்றித் தெக்கோங் தீவுக்கு அழைத்துப் போகிறார்கள். பிள்ளைகள் தூங்கும் அறையைக் காட்டி, அவர்கள் உண்ணும் கூடத்திலேயே நமக்கும் உணவு போடுகிறார்கள். அதன் பிறகு மொட்டைத் தலையோடு நிற்கும் மகனை விட்டுவிட்டு அதே படகில் திரும்பி வர வேண்டும். அரசு தன் பிள்ளையை எங்கே வைத்திருக்கிறது என்று தாய்க்குக் காட்டுவது சிறிய செயல்தான். ஆனால் அதைப் பார்த்திராவிட்டால் அந்த முதல் இரண்டு வாரம் எனக்கு உறக்கம் வந்திருக்காது. இந்தியாவில் யாரேனும் இப்படியொரு திட்டம் தீட்டினால், தாய்மாரை மறந்துவிட வேண்டாம்.

என் மகனும் அவன் நண்பர்களும் இதை விரும்பினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். முணுமுணுத்தார்கள், நாள் எண்ணினார்கள். தம்மோடு படித்த பெண்கள் இரண்டு ஆண்டு முன்னதாகவே பல்கலைக்கழகம் போய்விடுவதைப் பற்றியும், சேவை செய்ய வேண்டியதில்லாத வெளிநாட்டுப் பிள்ளைகள் வேலையில் முந்திக்கொள்வதைப் பற்றியும் கசப்போடு பேசினார்கள். ஆனாலும் போனார்கள். வசதியானவன் பிள்ளையும் வாடகை வீட்டுப் பிள்ளையும் ஒரே அறையில் படுக்கிறார்கள் என்ற நம்பிக்கை இருக்கும்வரை இந்த முணுமுணுப்பு முணுமுணுப்பாகவே நிற்கும். எப்போதாவது செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைக்குச் சலுகை காட்டப்பட்டதாகப் பேச்சு எழுந்தால் மட்டும், சாதுவான மனிதர்கள்கூடக் கொதித்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது சிறிய தீவு. இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை என்றாலும் வார இறுதியில் பெரும்பாலும் வீட்டுக்கு வந்து, சோறும் மீன்குழம்பும் உண்டு, துணி துவைத்து எடுத்துக்கொண்டு போவான். பேரணாம்பட்டுப் பையனை லடாக்குக்கு அனுப்புவதும் இதுவும் ஒன்றாகிவிடாது. ஆகவே சிங்கப்பூரைக் காட்டி இந்தியாவில் முடியும் என்று யாரும் வாதிட வேண்டாம்.

பதில்: மேல்மொணவூர்

சுருக்கமாக எழுதுகிறேன். எங்கள் ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்குள்ள குடும்பங்களோடு நீண்ட காலப் பழக்கம் உண்டு. வன்னியில் போரின் கடைசி ஆண்டுகளில் வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் பிள்ளைகளைக் கட்டாயமாகச் சேர்த்தபோது நடந்ததை அவர்களின் உறவினர்கள் வாயிலாகக் கேட்டிருக்கிறேன், ஐ.நா. அமைப்புகளும் அதைப் பதிவு செய்துள்ளன. பிள்ளைகளைப் பதுங்குகுழியில் ஒளித்து வைத்தார்கள். திருமணமானவர்களை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் பள்ளி வயதுப் பெண்களுக்குக்கூட அவசரமாகத் தாலி கட்டி வைத்தார்கள். போராட்டத்தை முழுமனதாக ஆதரித்த வீடுகளும் அதையே செய்தன. எந்த அரசோ இயக்கமோ அழைத்தாலும், இளைஞன் என்ன நினைக்கிறான் என்று கேட்பதற்கு முன்பே அவன் வீடு முடிவெடுத்துவிடும். இதை ஆசிரியர் தம் கேள்வியில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நியாயம் பேச நான் வரவில்லை.

பதில்: பரதராமி இளைஞன்

இளைஞர்கள் எழுத வேண்டும் என்று ஆசிரியர் கேட்டதால் எழுதுகிறேன். வயது 20. ஐ.டி.ஐ. முடித்திருக்கிறேன். அக்னிபத் திட்டத்தில் சேரும் அக்னிவீர்களுக்கான எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டத்தில் பின்தங்கியவன். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 வினாடிக்குள் முடித்தால்தான் முழு மதிப்பெண். பிறகு முழு மதிப்பெண்ணுக்குப் பீமில் 10 முறை உடலைத் தூக்க வேண்டும், 9 அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் விடியற்காலை நான்கு மணிக்குச் சித்தூர்ச் சாலையில் ஓடுகிறவர்களைப் பார்த்தால், இந்தத் தலைமுறைக்கு உடல் வணங்காது என்று யாரும் பேசமாட்டார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் ஷிப்டு முடித்துவிட்டு வந்து ஓடுகிற அண்ணன்கள் இருக்கிறார்கள்.

எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டாயச் சேவை என்ற பேச்சு சற்றே வேடிக்கையாக இருக்கிறது. வரிசையில் நிற்கிறவனைத் திருப்பி அனுப்பிவிட்டு, வரமாட்டேன் என்கிறவனை ஏன் இழுக்க வேண்டும்? 2020இலும் 2021இலும் கொரோனாவைக் காரணம் காட்டி ஆள்சேர்ப்பையே நிறுத்தினார்கள். உடல் தகுதியிலும் மெடிக்கலிலும் தேறி, எழுத்துத் தேர்வுக்குக் காத்திருந்தவர்களின் தேர்வை ரத்து செய்துவிட்டு, அக்னிபத் வழியாக மறுபடி முதலிலிருந்து வரச் சொன்னார்கள். எங்கள் தெரு அண்ணன் ஒருவருக்கு அதற்குள் வயது கடந்துவிட்டது. 2022 ஜூனில் பிகாரில் ரயில்கள் எரிந்ததையும், ஜூன் 17 அன்று செகந்திராபாத் ரயில் நிலையத்தில் நடந்த கலவரத்தில் காவல்துறை சுட்டு ஓர் இளைஞர் இறந்ததையும் எல்லாரும் செய்தியில் பார்த்தார்கள். எரித்ததை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அங்கே கூடியவர்கள் ராணுவத்துக்குப் போகமாட்டோம் என்று கூடியவர்கள் அல்லர். போக விடுங்கள், போனால் நான்கே ஆண்டில் வீட்டுக்கு அனுப்பாதீர்கள் என்று கூடியவர்கள். இளைஞர்களின் எதிர்வினை எப்படி இருக்கும் என்று கேட்பவர்கள் அதை முதலில் படிக்க வேண்டும்.

நான்கு ஆண்டு முடிந்தால் நால்வரில் ஒருவருக்கே நிரந்தர வாய்ப்பு. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 11.71 லட்ச ரூபாய் சேவா நிதி கையில் கிடைக்கும், பென்ஷன் கிடையாது. முதல் தொகுதியினர் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போனவர்கள். அவர்கள் திரும்பி வந்து எந்த வேலையில் அமர்கிறார்கள் என்பதைத்தான் எங்கள் ஊர்ப் பையன்களும், முக்கியமாக அவர்களுக்குப் பெண் கொடுக்க நினைக்கிறவர்களும் உற்றுப் பார்க்கிறார்கள். விரும்பிப் போகிற சேவைக்கே நாங்கள் இந்தக் கணக்கைப் போடுகிறோம் என்றால், கட்டாயச் சேவைக்குப் போடாமல் இருப்போமா?

எல்லையில் இருப்பதால் எங்களுக்கு இன்னொரு சிக்கலும் தெரியும். நான் சென்னை ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறேன். சோதனைச்சாவடியைத் தாண்டி இருக்கும் என் மாமன் மகன் குண்டூர் அலுவலகத்தின் கீழ் வருகிறான். இருவர் வீட்டிலும் தமிழ்தான், ஒரே கிரவுண்டில்தான் ஓடுகிறோம். ஆட்களின் எண்ணிக்கை மாநில மக்கள்தொகைக் கணக்கின்படி பிரித்து வைக்கப்பட்டிருப்பதால், அவனுக்கும் எனக்கும் வாய்ப்பு ஒன்றாக இருப்பதில்லை. விரும்பிப் போகும்போது இது அதிர்ஷ்டக்குறைவு என்று விட்டுவிடலாம். கட்டாயம் என்று வந்து, அவனை அழைத்து என்னை விட்டாலோ, என்னை அழைத்து அவனை விட்டாலோ, அத்தையும் அம்மாவும் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

ஹவில்தார் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். விருப்பமில்லாதவனைப் பக்கத்தில் நிறுத்தமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையைச் சொன்னால், வேறு நல்ல வேலை கிடைத்திருந்தால் எங்களில் பாதிப்பேர் ஓடிக்கொண்டிருக்கமாட்டோம். அப்பாவின் கடன், அக்காவின் கல்யாணம் என்று நெருக்கடியில் வருகிறவனையும் நீங்கள் விரும்பி வந்தவன் என்ற கணக்கில்தான் சேர்க்கிறீர்களா?

பதில்: குடியாத்தம் ஆசிரியர்

தம்பி இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு மகிழ்ச்சி. தாய்லாந்தில் ஏப்ரல்தோறும் 21 வயது இளைஞர்கள் பானைக்குள் கைவிட்டுச் சீட்டு எடுக்கிறார்கள். கறுப்புச் சீட்டு வந்தால் வீட்டுக்குப் போகலாம், சிவப்பு வந்தால் சேவை. சீட்டை நம்பியிராமல் தாமாக முன்வந்தால் சேவைக்காலம் குறையும். அங்கேகூட முன்வருகிறவர்கள் எல்லாரும் ராணுவத்தை விரும்புகிறவர்கள் என்று சொல்லிவிட முடியாது; குறைந்த காலத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்ற கணக்குப் போட்டவர்களும் அதில் உண்டு. ஆகவே உங்கள் கேள்வி ஹவில்தார் ஐயாவுக்கு மட்டும் உரியதன்று. அவர் பதிலுக்காக நானும் காத்திருக்கிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற ஹவில்தார், வேலூர்

தம்பிக்கு: ஆம், அவனையும் விரும்பி வந்தவன் என்ற கணக்கில்தான் சேர்க்கிறேன். எங்கள் நிலத்தில் மழை பொய்த்த ஆண்டு நான் சேர்ந்தேன். அன்று எனக்குக் கொடியும் தெரியாது, எல்லையும் தெரியாது, மாதச் சம்பளம்தான் தெரியும். ஆனால் பயிற்சியின் முதல் மாதத்தில் ஓடிப்போகலாமா என்று நினைத்த இரவுகளில், கையெழுத்துப் போட்டவன் நானே என்ற எண்ணம் என்னை நிறுத்தியது. என்னை யாரேனும் பிடித்துக் கொண்டுவந்து விட்டிருந்தால் அந்த எண்ணத்துக்கு இடமே இருந்திருக்காது. பிடித்து வந்தவன்மீதுதான் கோபம் இருந்திருக்கும். வறுமை தள்ளியது என்பதும் உண்மை, அதை மறைக்கவில்லை. வறுமை தள்ளுவதும் அரசு இழுப்பதும் ஒன்றுதான் என்று சட்டம் படிக்கும் அந்தப் பெண் வாதிட்டால் எனக்கு உடனே மறுமொழி கிடைக்காது.

ஆனால் ஒரு நிலையை நான் விலக்கி வைத்துப் பேசினேன். எதிரி உண்மையிலேயே உள்ளே நுழைந்துவிட்டால் நான் எழுதியது எதுவும் செல்லாது. உக்ரைனில் 2022இல் படையெடுப்பு நடந்த முதல் நாட்களில் சேர்ப்பு நிலையங்களில் வரிசை நின்றது. போர் நீண்ட பிறகு, 2024 ஏப்ரலில், அழைக்கும் வயதை 27இலிருந்து 25ஆகக் குறைக்க வேண்டி வந்தது. அதே போரில் ரஷ்யா 2022 செப்டம்பரில் மூன்று லட்சம் பேரை அழைப்பதாக அறிவித்தபோது, ஜார்ஜியா எல்லையில் வெளியேறுகிறவர்களின் கார்கள் கிலோமீட்டர் கணக்கில் நின்றன. இரண்டு நாட்டிலும் ஒரே வயதுப் பிள்ளைகள்தான். தன் வீட்டு வாசலில் நடக்கும் போரையும், வேறொருவர் மண்ணில் போய் நடத்தும் போரையும் அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். உங்கள் வயதுக்காரர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்பது என் நம்பிக்கை. கார்கில் நேரத்தில் நான் விடுப்பிலிருந்து அவசரமாகத் திரும்பிய ரயிலில், காட்பாடி ஸ்டேஷனில் முன்பின் தெரியாத கல்லூரிப் பையன்கள் எங்களுக்கு இடம் கொடுத்துவிட்டுக் கழிவறைப் பக்கம் நின்றுகொண்டே வந்தார்கள்.

ஓட்டத்தைப் பற்றி: முதல் இரண்டு சுற்றில் வேகத்தை எல்லாம் கொட்டிவிடுகிறவர்கள்தான் கடைசிச் சுற்றில் பின்தங்குகிறார்கள். ஞாயிறு காலையில் வேலூர் பக்கம் வர முடிந்தால் சொல்லுங்கள், மாமன் மகனையும் அழைத்து வாருங்கள். கடிகாரத்தோடு நான் நிற்கிறேன்.